பதில்: கார்பைடு டிரில்லின் வெளிமுனை பொடிவது

வணக்கம். எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகில் 140 டிகிரி நுனியுள்ள 8.5 மி.மீ. கார்பைடு (மிகக் கடினமான, ஆனால் எளிதில் பொடியும் பொருள்) டிரில்லின் வெளிமுனைகள் இரண்டும் பொடிகின்றன என்றும், சேம்பரும் (துளை வாயின் சரிவு விளிம்பு) சேர்ந்தே முடியட்டும் என்று 90 டிகிரி ஸ்பாட் டிரில்லால் (துளைக்கும் இடத்தைக் குறிக்கச் சிறு குழி போடும் கருவி) முதலில் 9.5 மி.மீ. வரை குழிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அந்தக் குழியில்தான் இருக்கிறது. டிரில்லின் நடுப்பகுதி உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே வெளிமுனைகள் குழியின் சரிவில் மோதுகின்றன. எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டிரில் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் அந்த அடியைக் கார்பைடு தாங்காது. டிரில்லின் நடுப்பகுதி முதலில் தொடும்படி, ஸ்பாட் டிரில்லை 142 டிகிரிக்கு மாற்றுங்கள். பரப்பு சமமாக இருந்தால் குழிக்காமலே துளைத்துவிட்டு, சேம்பரைக் கடைசியில் தனியாகப் போடுங்கள். பயந்துகொண்டு ஃபீடை (டிரில் உள்ளே இறங்கும் வேகத்தை) மட்டும் குறைத்துவிடாதீர்கள், வெட்டாமல் உராய்ந்தால் 304 இறுகிக் கடினமாகிவிடும். இனி ஒரு முனை மட்டும் பொடிந்தால், டிரில்லைப் பிடிக்கும் காலெட்டைத் துடைத்து, நுனியருகே டயல் கேஜ் வைத்து, ரன்அவுட் (சுழலும்போது டிரில் விலகி ஆடும் அளவு) 0.02 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.