பைத்தான் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் (பைத்தானோடு சேர்ந்தே வரும் மாட்யூல்களின்) டெஸ்ட்களைப் பராமரிப்பது உருப்படியான வேலையா, நேர விரயமா?

கேள்வி கேட்டவர் கல்லூரியில் கடைசி வருடமாகவோ, வேலையில் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டு ஆனவராகவோ இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். பைத்தானுக்குப் பங்களிக்கலாம் என்று போயிருப்பீர்கள். "முதல்ல டெஸ்ட் பக்கம் ஏதாவது பண்ணு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கோட் எழுத வந்தவனுக்கு இது என்ன வேலை என்று தோன்றியிருக்கும். அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். "ஓ, டெஸ்டிங்கா? டெவலப்மென்ட் கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பைத்தானின் கோர் டெவலப்பர் கிடையாது. எடை மேடைகளுக்குக் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். சிபைத்தானை, அதாவது எல்லோரும் பயன்படுத்தும் வழக்கமான பைத்தானை, சோர்ஸிலிருந்து நாங்களே பில்ட் செய்து, எங்கள் பேட்ச்கள் சிலவற்றைச் சேர்த்து, சின்ன ஆர்ம் போர்டில் ஓட்டுகிறோம். பதிப்பு மாறும்போதெல்லாம் பைத்தானோடு வரும் டெஸ்ட்கள் முழுவதும், கூடவே நாங்கள் சேர்த்தவையும், அந்த போர்டில் ஓடித் தேற வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. ஆகவே வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் பதில் இல்லை இது.

ஒரு முறை பதிப்பு மாற்றியபோது, லாக் ஃபைலில் இருக்கும் தேதியைப் படிக்கும் எங்கள் டெஸ்ட் ஒன்று போர்டில் மட்டும் விழுந்தது. லேப்டாப்பில் பச்சை, அதாவது தேறியது. அதைத் தனியாக ஓட்டினால் போர்டிலும் பச்சை. மொத்தமாக ஓட்டினால்தான் சிவப்பு. "ஆர்ம்ல ஏதோ பிரச்சினை, ஸ்கிப் போட்டுட்டுப் போங்க, ரிலீஸ் நிக்குது" என்றார்கள். டெஸ்ட்டை ஓட்டாமல் தாண்டச் சொல்லும் ஸ்கிப் டெகரேட்டர் ஒரு வரி போட்டால் முடிந்தது. நான் போடவில்லை. அதற்காக மீட்டிங்கில் கொஞ்சம் பேச்சும் வாங்கினேன்.

விஷயம் இதுதான். பைத்தானின் டெஸ்ட் ரன்னருக்கு மைனஸ் ஜே என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதைக் கொடுத்தால் ஒவ்வொரு டெஸ்ட் ஃபைலையும் தனித்தனி ப்ராசஸில் ஓட்டும். லேப்டாப்பில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். போர்டில் மெமரி குறைவு என்பதால் அந்த ஆப்ஷன் இல்லாமல், எல்லாம் ஒரே ப்ராசஸில், பெயர் வரிசைப்படி ஓடும். ஆக முன்னால் ஓடிய ஏதோ ஒன்று வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பின்னால் வந்தது மாட்டிக்கொண்டது.

எது என்று தேட லாகை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பல நூறு வரிகளுக்கு நடுவில் ஒரு வார்னிங்: எங்கள் ரசீது டெஸ்ட் லோகேலை (மொழி, தேதி வடிவம் போன்ற வட்டார அமைப்பை) மாற்றிவிட்டது என்று, முன்பு என்ன, பின்பு என்ன என்ற விவரத்தோடு. ரசீதில் மாதத்தின் பெயர் தமிழில் அச்சாகிறதா என்று பார்க்க ஒருவர் லோகேலைத் தமிழுக்கு மாற்றியிருந்தார். திருப்பி வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஓடிய டெஸ்ட்டில் ஆங்கில மாதப் பெயரை, எழுத்திலிருக்கும் தேதியைப் படிக்கும் ஸ்ட்ரப்டைம் எப்படி அடையாளம் காணும்? ஒவ்வொரு டெஸ்ட் ஃபைல் ஓடுவதற்கு முன்னும் பின்னும் லோகேல், என்விரான்மென்ட் வேரியபிள்கள், கரன்ட் டைரக்டரி, வார்னிங் ஃபில்டர்கள் என்று ஒரு பட்டியலையே ரன்னர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மாறியிருந்தால் சொல்லும், வழக்கமாகப் பழையபடி திருப்பியும் வைக்கும்; எங்கள் பேட்ச் ஒன்று அந்தத் திருப்பி வைப்பதை நிறுத்தியிருந்தது. ஆனால் தானாக ஃபெயில் ஆக்காது. அதனால்தான் அந்த வரியை யாரும் பார்க்கவில்லை. டெஸ்ட்டுக்கு மட்டும் லோகேலை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க, டெஸ்ட் சப்போர்ட் மாட்யூலிலேயே ரன்-வித்-லோகேல் என்று தயாராக ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் சரியானது. அன்றிலிருந்து என்விரான்மென்ட் மாறினாலே ஃபெயில் ஆக்கும் ஆப்ஷனோடுதான் எங்கள் இரவு பில்ட் ஓடுகிறது.

இதற்குப் போய் இவ்வளவா என்பார்கள். ஸ்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். லோகேல் ப்ராசஸ் முழுவதற்கும் பொதுவானது. ரசீதுக்காக லோகேலை மாற்றும் எங்கள் நிஜக் கோடிலும் அதே ஓட்டை இருந்தது. டெஸ்ட் காட்டிக்கொடுத்ததால் அங்கேயும் அடைத்தோம். டெஸ்ட் எழுதும்போது இதெல்லாம் தெரியாது. விழும்போது, பிழை கோடிலா, டெஸ்டிலா, ஓடும் இடத்திலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பராமரிப்பு என்பதில் முக்கால்வாசி அந்தப் பிரிப்புதான்.

முதல் தடவை விழுந்து, மறுபடி ஓட்டினால் தேறும் டெஸ்ட்கள் இன்னொரு தொல்லை. மறு ஓட்டத்தில் தேறினால், "ஃபெயிலியர் தென் சக்ஸஸ்" என்றே ரன்னர் எழுதும். பலர் சக்ஸஸை மட்டும் படிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஸ்லீப் போட்டுக் காத்திருப்பது. பத்தில் ஒரு நொடி போதும் என்று வேகமான மெஷினில் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள். அதற்குத்தான் ஸ்லீப்பிங்-ரீட்ரை என்று சப்போர்ட் மாட்யூலில் இருக்கிறது. எதிர்பார்த்தது நடக்கும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கும், நீண்ட ஒரு காலக்கெடுவுக்குப் பிறகுதான் கைவிடும்.

டெஸ்ட்கள் எவ்வளவு ஆழமாக வேர் விடும் என்பதற்கு ஒரு உதாரணம். 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் அசின்கோர், அசின்சாட், எஸ்எம்டிபிடி என்ற பழைய நெட்வொர்க் மாட்யூல்கள் மூன்றையும் லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் எஃப்டிபி, மெயில் மாட்யூல்களின் டெஸ்ட்களுக்குப் போலி சர்வராக நிற்பவை அவைதான். அதனால் அவற்றின் பிரதியை டெஸ்ட் சப்போர்ட் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்னொன்று, பைபை, ரஸ்ட்பைத்தான் என்ற வேறு பைத்தான் இம்ப்ளிமென்டேஷன்களும் இதே டெஸ்ட்களை எடுத்துத்தான் தங்கள் பைத்தான் சரியாக நடக்கிறதா என்று பார்க்கின்றன. நீங்கள் ஒழுங்காக எழுதும் ஒரு டெஸ்ட் வேறொரு இம்ப்ளிமென்டேஷனுக்கும் அளவுகோலாகும். இதையா இரண்டாந்தர வேலை என்கிறீர்கள்?

"பைடெஸ்ட் இருக்கும்போது யூனிட்டெஸ்ட் எதற்கு" என்று யாராவது வருவார்கள். மற்ற ப்ராஜெக்ட்களில் நானும் பைடெஸ்ட்தான். ஆனால் பைடெஸ்ட் தனியாக நிறுவ வேண்டியது, யூனிட்டெஸ்ட் பைத்தானோடே வருவது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் டெஸ்ட்கள், வெளியிலிருந்து எதையும் நிறுவாமல், புதிதாக பில்ட் ஆன பைத்தானிலேயே ஓட வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இது எல்லாம் எழுத்துகள்தானா என்று பைத்தானின் இஸ்ஆல்ஃபாவைக் கேட்டால் இல்லை என்கிறது. தேடல் வடிவங்களுக்கான ஆர்ஈ மாட்யூலில், சொல்லின் எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ வைத்துச் சொற்களைப் பிரித்தால், 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வருகிறது. 'மி'யின் கொக்கியும் 'ழ்'ன் புள்ளியும் அதற்கு எழுத்தாகத் தெரிவதில்லை. அதே 'தமிழ்' என்ற சொல்லை வேரியபிள் பெயராக வைத்தால் பைத்தான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது! இந்தப் பிரச்சினை 2011லேயே பதிவாகிவிட்டது. பழைய கோட் உடையும் என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் தமிழில் தேடல் எழுதுகிற ஒவ்வொருவரும் முதல் நாளே இதில் இடறி, ரெஜெக்ஸ் என்ற வெளிப் பேக்கேஜுக்கு ஓட வேண்டியிருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் பயன்படுத்தும் மாட்யூல் ஒன்றை எடுங்கள், சிஎஸ்வி, ஷட்டில் மாதிரி. அதன் டெஸ்ட் ஃபைலை முழுவதும் படியுங்கள். விசித்திரமாக ஒரு டெஸ்ட் இருந்தால், மேலே கமென்ட்டில் இஷ்யூ எண் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எந்த வரி எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேமில் தேடுங்கள். பிறகு அதை உங்கள் மெஷினில் மைனஸ் ஜேயோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஓட்டுங்கள். கடைசியில் வரும் "எல்லாம் ஓகே" வரியோடு நிறுத்தாமல் நடுவில் வரும் வார்னிங்குகளையும் படியுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் அதுவே உங்கள் முதல் பேட்ச்.