ஐந்தாவது விடை

உங்கள் துணையை முதலில் எங்கே சந்தித்தீர்கள், காதல் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில். அங்கே நம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழக அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் கூட்டம்தான். கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும். தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடிப்போம். அது 2017 கடைசி. அடுத்த பிப்ரவரியில் குரூப் 4. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தேர்வையும் முதன்முறையாக அதோடு சேர்த்ததால் 20 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அந்த பயத்தில் காதலாவது ஒன்றாவது!

எதிரே ஒருவர் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களை விரல்விட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவதாக ‘இன்னிலை’ என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“கைந்நிலை, சார்.”

“இன்னிலைதான் மேடம்.”

இரண்டுக்கும் ஆள் உண்டு. இன்னிலையைச் சேர்த்தால் அகநூல் ஐந்து, கைந்நிலையைச் சேர்த்தால் ஆறு. பள்ளிப் புத்தகத்தில் ஆறுதான் என்று நான் குரலை உயர்த்த, பக்கத்து மேசையில் ‘உஷ்’ என்றார்கள். சண்டை என் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாறியது.

அப்புறம் அதே நோட்டில் நான் இலக்கணம் எழுதிக்கொடுப்பேன். அவர் கணக்கு போட்டுக்காட்டுவார். 200 கேள்வியில் 25 கணக்கு, எனக்கு அதில் பாதிகூடத் தேறாது. மாலையில் பறக்கும் ரயில் நிலையம் வரை சேர்ந்து நடப்போம். அவருக்கு வேளச்சேரி, எனக்குத் திருமயிலை. எந்தப் பக்கம் ரயில் வந்தாலும் இருவருமே ஏறாமல் விட ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

தேர்வு முடிந்த அடுத்த மாதம் நோட்டில் 201ஆவது கேள்வி இருந்தது: ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா?’ கீழே நான்கு விடைகள். ‘தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படாது’ என்று குறிப்பு வேறு. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து அதைக் கறுப்பாக்கினேன்: ‘விடை தெரியவில்லை’. தேர்வாணையம் இதை 2020இல்தான் கொண்டுவந்தது. நியாயமாக எனக்கு ராயல்டி வரவேண்டும்.

அவர் தேறி இளநிலை உதவியாளராக வெளியூர் போனார். நான் தேறவில்லை. வெட்கத்தில் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்தால், எதிரே உட்கார்ந்திருக்கிறார். இரவு பஸ்ஸில் வந்த கசங்கிய சட்டை. ஒன்றும் பேசாமல் ஒரு நோட்டைத் தள்ளினார். நாற்பது பக்கம், வேலையும் நேரமும், தனிவட்டி, கூட்டுவட்டி, எல்லாம் படிப்படியாகப் போட்டு. அன்றைக்குத்தான் பழைய நோட்டை எடுத்து ஐந்தாவது விடையை அடித்தேன்.

வேறு சாதி என்பதால் வீட்டில் ஒன்றரை வருடம் இழுத்தது. அது தனிக் கதை. 2022 குரூப் 4இல் நானும் தேறினேன். கணக்கில் 25க்கு 21. போன நாலும் தனிவட்டி, சார் சொல்லிக்கொடுத்த லட்சணம்!