பேரிஜமா, மன்னவனூரா? குழந்தையோடும் அம்மாவோடும் ஏரி நடை

ஆறு வயது மகளும் முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார்கள், கொடைக்கானல் பக்கம் ஏரி பார்க்கப் பேரிஜமா மன்னவனூரா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னவனூருக்கே போங்கள். பேரிஜம் அழகுதான், ஆனால் வனத்துறை அனுமதி வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகளை விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கிளப்பிய குழந்தையோடு வழியில் திரும்புவது வீண் எரிச்சல்.

மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. புல்வெளி ஏரி வரை சரிந்து இறங்கும். இறங்குவது எளிது, திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். அம்மாவுக்கு ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பாதிச் சரிவிலேயே உட்காரட்டும், அங்கிருந்தும் ஏரி தெரியும். பக்கத்தில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மகள் ஏரியை மறந்துவிடுவாள்.

வழியில் பூம்பாறையைத் தவறவிடாதீர்கள். படிப்படியான வயல்களில் விளைவது, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. சாலையோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில் வரை நடந்து பாருங்கள். வயலுக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

மழைக்காலமானால் அட்டை ஏறும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்குள் வண்டி நுழையத் தேவையான இ-பாஸை முன்பே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை.