எந்த ஊரில் புதைப்பார்கள்?

கேள்வி: மணவாளக்குறிச்சி மணலிலேயே கதிர்வீச்சு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதன் மேல்தான் நடக்கிறோம். அப்புறம் கூடங்குளம் அணு உலைக் கழிவுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சல்? அதைத்தான் மறுசுழற்சி செய்துவிடுவார்களாமே?
– வாசகர், குளச்சல்

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நம் கடற்கரை மணலின் மோனசைட் என்ற கனிமத்தில் இருப்பது தோரியம். அது பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால்தான் அதன் வீச்சும் குறைவு. (அதற்காகக் கரையை இஷ்டத்துக்குத் தோண்டலாம் என்று ஆகாது, அது தனி வழக்கு.) கூடங்குளம் கழிவு என்பது எரிந்து முடிந்த எரிகோல், அதாவது யுரேனிய எரிபொருள் அடைத்த குழாய். உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த எரிகோலின் அருகில் மறைப்பில்லாமல் சில நிமிடம் நின்றாலே உயிர் தப்பாது. அதனால்தான் அதைத் தண்ணீருக்கு அடியிலேயே நகர்த்தி, உலைக் கட்டடத்துக்குள் இருக்கும் தொட்டியில் வருடக்கணக்கில் ஆறவிடுகிறார்கள்.

1988-இல் சோவியத் ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தப்படி இந்தக் கழிவு அந்த நாட்டுக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். பிறகு ஏற்பாடு மாறி, நம்மிடமே தங்கிவிட்டது.

சரி, மறுசுழற்சிக்கு வருவோம். எரிகோலை நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மறுபடி எரிபொருளாக்க யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரிப்பார்கள். மிஞ்சும் திரவத்தில்தான் கதிரியக்கத்தின் பெரும்பங்கு இருக்கும். அதைக் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலனில் ஊற்றி மூடி, காற்றோட்டமுள்ள நிலவறையில் பல பத்தாண்டுகள் காவல் காக்க வேண்டும். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடத்திலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கலன்கள் கடைசியில் எங்கே போகும்? இந்தியாவில் அதற்கென்று ஆழ்நிலப் புதைகிடங்கு ஒன்றுகூட இல்லை. 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் இதற்கான இடமாகக் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலார் கொதித்தது, அரசு பின்வாங்கியது.

பின்லாந்தைப் பாருங்கள். பாறைக்குள் 400 மீட்டருக்கும் கீழே ஓன்கலோ கிடங்கைக் குடைந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அங்கே உள்ளாட்சிக்கு இருந்தது. ஊர் மன்றம் 2000-இல் வாக்கெடுத்துச் சம்மதித்த பிறகே, 2001-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது.

இங்கே? கூடங்குளத்தில் உலைக்கு வெளியே தற்காலிகக் கிடங்கை 5 ஆண்டுக்குள் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. நிரந்தரப் புதைகிடங்கையும் சீக்கிரம் அமைக்கச் சொன்னது. 2019 ஜூலையில் ராதாபுரத்தில் தற்காலிகக் கிடங்குக்காக அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டமே தள்ளிப்போனது. நிரந்தர இடம் எது என்று இன்றுவரை எந்த ஊர் மக்களுக்கும் சொல்லவில்லை. அதைக் கேட்பதைத்தான் கூச்சல் என்கிறீர்கள்.

அடுத்த கூட்டம் அறிவித்தால் குளச்சலில் இருந்தும் போங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.