வீடு பொண்ணுக்கு, கடன் யாருக்கு?

கேள்வி: வயசு 64, ரிட்டயர்டு டீச்சர், கணவர் இல்ல. பென்ஷன் 38,000 வருது. என் சம்பாத்தியத்துல கட்டின வீடு 75 லட்சம் போகும், டெபாசிட்டும் மியூச்சுவல் ஃபண்டும் சேர்த்து 28 லட்சம். வீடு பொண்ணுக்கு, பணம் பையனுக்குன்னு உயில் டிராஃப்ட் ரெடி, எக்சிகியூட்டர், அதாவது உயில்படி எல்லாம் நடத்தி வைக்கறவர், பையன்தான். அவன் பிசினஸுக்காக வீட்டை அடமானம் வச்சு ரெண்டு பேர் பேர்லயும் வாங்கின கடன்ல 31 லட்சம் பாக்கி, போன வருஷம் நாலு மாசம் ஈஎம்ஐ நானே கட்டினேன். இப்ப அதே கடன் மேல இன்னும் 12 லட்சம் டாப்-அப் கேக்கறான். தங்கச்சிக்குத்தான் ஜாஸ்தி போகுதுன்னு அவனுக்கு மனத்தாங்கல், அதனால மறுக்க முடியல. பேங்க்ல ஒருத்தர் உயில் எல்லாம் பழசு, சொத்தை ஒரு ஃபேமிலி டிரஸ்ட் (குடும்ப அறக்கட்டளை) பேருக்கு மாத்தி வச்சிடுங்கங்கறார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உயில்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, டிராஃப்டே போட்டுட்டீங்க. சிக்கல் உயில்ல இல்ல, பையன் முகம் வாடும்போதெல்லாம் வீட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டறீங்களே, அதுல இருக்கு.

நீங்க மனசுல போட்டு வச்சிருக்கற கணக்கு பொண்ணுக்கு 75, பையனுக்கு 28. ஆனா நீங்களே அடமானம் வச்ச சொத்தை ஒருத்தருக்கு எழுதி வச்சா, உயில்ல வேற மாதிரி சொல்லாத வரைக்கும், வாங்கறவங்க அந்தக் கடனோடதான் வாங்கிக்கணும், இந்திய வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அப்போ பொண்ணுக்கு 75ல 31 போக 44. பையனுக்கு 28, கூடவே பிசினஸ்ல ஏற்கெனவே போட்ட 31, ஆக 59. டாப்-அப்பும் கொடுத்தா பொண்ணுக்கு 32, பையனுக்கு 71. அவர் தவணையை ஒழுங்கா கட்டி முடிச்சா இந்தக் கணக்கு மாறும், ஆனா நாலு மாசம் நீங்க கட்டியிருக்கீங்களே, அதை வச்சுத்தான் நான் கணக்கு போடறேன். யாருக்கு ஜாஸ்திங்கறதை இந்தக் காகிதத்தோட பையன்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. உங்களுக்கு அப்புறம் தவணை நின்னா, பேங்க் வந்து நிக்கப்போறது அந்த வீட்டு வாசல்லதான், பிசினஸ் யாரோடதுன்னு அவங்க கேக்க மாட்டாங்க.

அதனால டாப்-அப் வேண்டாம், இதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. உயில்ல ஒரு வரி சேருங்க: வீட்டு மேல இருக்கற கடன் பாக்கியை முதல்ல பையனுக்குப் போற டெபாசிட், ஃபண்டுல இருந்து அடைக்கணும், மீதிதான் அவருக்கு. பாக்கி 31, கையில 28, அப்பவும் 3 லட்சம் இடிக்கும், ஆனா 31 லட்சம் மொத்தமா பொண்ணு தலையில விழறதுக்கு இது எவ்வளவோ தேவலை. அவர் கட்டக் கட்ட அவர் பங்குதான் கூடும், அதுவும் நல்லதுதான்.

அடுத்தது எக்சிகியூட்டர். சொத்து வாங்கறவரே எக்சிகியூட்டரா இருக்கலாம், சட்டத்துல தடை இல்ல. ஆனா உங்களுக்கு அப்புறம் கடனை எல்லாம் அடைச்சிட்டு மிச்சத்தைப் பிரிச்சுக் கொடுக்கறதுதான் அந்த வேலையே. தன் பங்குல இருந்தே கடனை அடைக்கச் சொல்ற உயிலை பையன் கையில கொடுத்தா அவருக்கும் சங்கடம், தங்கச்சிக்கும் சந்தேகம். ரெண்டு பேருக்கும் பொதுவான, உங்களை விட வயசு குறைஞ்ச ஒருத்தரைப் போடுங்க, ஆனா அவர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, பேரைப் பார்த்துட்டு எனக்கு முடியாதுன்னு ஒதுங்கிடறவங்க நிறைய.

சாட்சி ரெண்டு பேர் வேணும், நீங்க கையெழுத்து போடறதைப் பார்த்துட்டு உங்க முன்னாடி அவங்களும் போடணும், உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும்னு அவசியம் இல்ல. பிள்ளைங்களையோ மருமகனையோ போடாதீங்க. நாளைக்கு கோர்ட்ல உயிலை நிரூபிக்கணும்னா சாட்சியில ஒருத்தராவது வந்து சொல்லணும், அதனால 80 வயசு பெரியவர் மரியாதைக்கு நல்லா இருப்பார், சாட்சிக்கு உதவ மாட்டார்.

டெபாசிட்டுக்கு நாமினி யாருன்னு நீங்க எழுதல, எடுத்துப் பாருங்க. நாமினி பணத்தை வாங்கி உரியவங்களுக்குக் கொடுக்கற ஆள்தான், ஓனர் இல்ல, ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பர்ல இதையேதான் சொல்லிச்சு. ஆனா நாமினி ஒருத்தர் உயில் ஒருத்தர்னு இருந்தா உரியவங்க அலையணும்.

ரெஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிடுங்க, உயிலுக்கு ஸ்டாம்ப் டூட்டி கிடையாது. அப்புறமும் மனசு மாறினா மாத்திக்கலாம், சின்ன மாத்தம்னா கோடிசில்னு தனியா ஒரு இணைப்பு எழுதினா போதும், அதுக்கும் அதே மாதிரி ரெண்டு சாட்சி வேணும்.

அந்த டிரஸ்ட் யோசனையா? மைனர் குழந்தையோ, தன்னைத் தானே பார்த்துக்க முடியாத பிள்ளையோ இருந்தா நானே சொல்வேன். உங்களுக்கு வளர்ந்த ரெண்டு பிள்ளைங்க, ஒரு வீடு, அதுவும் அடமானத்துல. பேங்க் சம்மதிக்காம அதை டிரஸ்டுக்கு மாத்தவே முடியாது, இதையும் சேர்த்து அவர் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பையன்கிட்ட எப்படி மறுக்கறதுன்னு தெரியலைன்னா, உயில் ரெஜிஸ்டர் ஆகற வரைக்கும் வீட்டு மேல புதுக்கடன் கூடாதுன்னு ஆலோசகர் கறாரா சொல்லிட்டார்னு சொல்லுங்க. திட்டணும்னா என்னைத் திட்டட்டும்.