கிர் மாடு வாங்கலாமா, கிர் ஊசி போடலாமா?

கேள்வி: என்னிடம் இரண்டு கலப்பின ஜெர்சி மாடுகள் உள்ளன. ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கிறது. ஏ2 பாலுக்கு நல்ல விலை என்கிறார்களே என்று கிர் இனத்துக்கு மாறலாமா என யோசிக்கிறேன். குஜராத்திலிருந்து மாடு இறக்கித் தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். 14 லிட்டர் கறக்குமாம். அல்லது இருக்கிற மாடுகளுக்கே கிர் சினை ஊசி போட்டுவிடலாமா? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: ஊசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பால்தான் குறி என்றால் போடாதீர்கள். உங்கள் மாட்டில் ஜெர்சி ரத்தம் பாதி என்று வைத்துக்கொள்வோம். கிர் விந்தில் பிறக்கும் கிடேரியில் அது கால் பங்காகிவிடும். பால் குறையும், தலைச்சன் ஈற்றும் தள்ளிப்போகும். நன்றாக வளர்த்த கலப்பினக் கிடேரி இரண்டரை வயதுவாக்கில் ஈன்றுவிடும். கிர் பெரும்பாலும் மூன்றரை வயதைத் தாண்டித்தான் ஈனும். கூடுதலாகத் தீனி போடும் அந்தக் காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, ஏ2-வாவது கிடைக்குமா? அதற்கும் உறுதி இல்லை. ஏ1, ஏ2 என்பவை பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் இரண்டு வகைகள். இந்தப் புரதத்துக்கான மரபணு கன்றுக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. கிர் காளை கொடுப்பது அநேகமாக ஏ2. உங்கள் ஜெர்சி மாடு ஏ1 கொடுத்துவிட்டால் அந்தக் கிடேரியின் பாலில் இரண்டும் கலந்துதான் இருக்கும். திமிலைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, மரபணுப் பரிசோதனைதான் சொல்லும். பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுகிறவருக்கோ இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும்தான் விலை. சமவெளியில் வெளிநாட்டு ரத்தம் பாதியிலிருந்து 62.5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கால்நடை மருந்தகத்தில் கலப்பின ஜெர்சிக் காளையின் விந்துக் குச்சியைக் கேட்டுப் போடுங்கள்.

இனி கிர் மாடு. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி, கிர் காட்டைச் சுற்றிய ஜூனாகத், அம்ரேலி, பாவ்நகர் பக்கத்து இனம் இது. முன்பக்கம் புடைத்த அகன்ற நெற்றி, சுருண்ட இலைபோலத் தொங்கும் நீண்ட காது, கீழாகவும் பின்னாகவும் வளைந்து பிறகு மேலேறும் கொம்பு, சிவப்பு அல்லது சிவப்பு வெள்ளைப் புள்ளி. வெயில் தாங்கும், உண்ணித் தொல்லை குறைவு, சாதுவான குணம். பாலில் கொழுப்பு நாலரை சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

ஆனால் நெற்றி பால் கறக்காது. கிர் இனத்தின் சராசரி, ஈத்துக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. 300 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஆறேழு லிட்டர். 14 லிட்டர் கறக்கும் மாடு இல்லாமல் இல்லை. அது ஈன்ற இரண்டாம் மாத உச்சமா, ஈத்து முழுவதற்குமான சராசரியா என்று கேளுங்கள். பிரேசில் வீடியோக்களைக் காட்டினால் நம்பிவிட வேண்டாம். இங்கிருந்து போன கிர்ரை அவர்கள் பல தலைமுறையாகப் பால் பதிவேடு வைத்துப் பொறுக்கி எடுத்தார்கள். அதோடு அங்கே பெரிதும் கறக்கும் ‘ஜிரோலாண்டோ’ சுத்த கிர் அல்ல, ஹோல்ஸ்டீன் என்ற வெளிநாட்டுக் கறவை இனத்தோடு கலந்தது.

வாங்குவதென்றால் இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்து மாடாக, கன்றோடு வாங்குங்கள். முதல் நாள் மாலை ஒட்டக் கறக்கச் சொல்லி, மறுநாள் இரண்டு வேளையும் நீங்களே நின்று அளந்து பாருங்கள். ஒரு வேளைக் கறவையை மட்டும் காட்டுவது பழைய வித்தை, மடியில் பாலைக் கட்டிவைத்திருப்பார்கள். காதில் 12 இலக்க அடையாள வில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். கன்று வீசவைக்கும் தொற்றுநோயான புருசெல்லாவுக்குப் பரிசோதனை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வந்த மாட்டை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள்.

ஜெர்சிக்குப் பழகியவர்கள் தடுமாறுவது கறவையில்தான். கிர் மாட்டுக்குக் கன்றை ஊட்டவிட்டால்தான் பால் இறங்கும், இல்லாவிட்டால் எக்கிக்கொள்ளும். கன்று செத்துப்போனால் பல மாடுகள் அதோடு மடி வற்றிவிடும். சில இடங்களில் பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடாசின் ஊசி போட்டுக் கறப்பார்கள். அந்தப் பழக்கத்துக்குப் போகவே போகாதீர்கள். காளைக் கன்றானாலும் சரி, கறவை முடியும்வரை அதற்கும் பால் விட்டாக வேண்டும். உங்கள் லிட்டர் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சினைப் பருவம் அடுத்த சிக்கல். ஜெர்சி கத்தி ஊரைக் கூட்டும். கிர் பெரும்பாலும் ஊமைப் பருவம். குறுகியது, இரவிலேயே வந்து போய்விடவும் கூடும். படுக்கும் நேரத்திலும் விடியலிலும் பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோன்ற சளி ஒழுகுகிறதா, தீனி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. தவறினால் மீண்டும் 21 நாள். விந்துக் குச்சியில் காளையின் எண் இருக்கும். அதன் தாய் கறந்த பால், மகள்கள் கறந்த பால் என்ன என்று கேட்டு வாங்குங்கள். குஜராத்தின் பிடஜ் விந்து நிலையம் போன்றவற்றில் இந்தப் பதிவுகள் இருக்கும்.

ஜெர்சி இரண்டையும் விற்றுவிட்டு மாறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சங்கத்து விலைக்கு மேல் கொடுத்து மாதாமாதம் வாங்கத் தயாரான வீடுகள் முன்கூட்டியே உறுதியானால், ஒரே ஒரு கிர் மாட்டை வாங்கி ஒரு ஈத்து முழுக்க வரவு செலவு எழுதிப் பாருங்கள். இரண்டாவது மாட்டை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.