இரண்டாவது மாதச் சீட்டு: மனநலம் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு, இப்பகுதியில் பல ஆண்டுகளாக மனநலப் பணியில் இருக்கும் சமூகப் பணியாளர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் தம்பிக்கு 24 வயது. பெங்களூரில் வேலை பார்த்தவன் ஆறு மாதங்களுக்கு முன் திரும்பி வந்துவிட்டான். அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான், இரவில் தூங்குவதில்லை, தனியாகப் பேசிச் சிரிக்கிறான். குணசீலம் கோவிலுக்குப் போய் வந்தோம். பிறகு அரசு மருத்துவமனையில் காட்டினோம். மாத்திரையில் நன்றாகத் தேறியதால் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடியும் பழையபடி ஆகிவிட்டான். மாத்திரை பலிக்கவில்லை என்கிறார் அம்மா. இதை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டுமா?
– ஒரு வாசகி, குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

சகோதரி, மாத்திரை சாப்பிட்டபோது தேறினார், நிறுத்தியபின் மீண்டும் நோயுற்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை பலித்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. அதை மருத்துவர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் மனச்சிதைவு போன்ற நோய்களில் காணப்படுபவை, அவை பெரும்பாலும் பதின்வயதின் இறுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டுகின்றன. இத்தகைய நோயில் சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் சில வாரங்களிலேயே அடங்கிவிடக்கூடும், ஆனால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. அதனால்தான் முதல்முறை நோய் கண்டவருக்கும் குணமான பிறகு குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். அதன்பின் படிப்படியாகக் குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே "வாழ்நாள் முழுவதுமா?" என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த மாத மருந்துச் சீட்டை யார் போய் வாங்கி வருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இதை நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகனுக்குக் கொடுத்த மாத்திரைகளைக் காட்டச் சொன்னபோது, அந்த அம்மா சமையலறைக்குள் போய் அரிசி டிரம்மைத் திறந்து, அரிசிக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே ஏழு அட்டைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. "இப்ப நல்லாத்தான இருக்கான், மறுபடி வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். காய்ச்சல் மாத்திரையை அப்படித்தானே நாம் எல்லோரும் எடுத்து வைக்கிறோம்! அவர் அறியாமையில் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசின் அருமை தெரிந்த ஒரு வீட்டின் சிக்கனம் அது. இந்த மாத்திரை நோயைத் தீர்க்க மட்டுமல்ல, வராமல் தடுக்கவும்தான் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மருந்தை நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் வெளியே சொல்வதில்லை. கை நடுக்கம், உடல் விறைப்பு, வாயில் எச்சில் ஒழுகுதல், பகலெல்லாம் தூக்கம், எடை கூடுதல் ஆகியவை சில மருந்துகளால் வரலாம். இவற்றைத் தம்பி தாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதில்லை. சொன்னால் அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், நடுக்கத்துக்குத் தனி மாத்திரை சேர்ப்பார்கள். தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. ஆனால் நோயாளி வராமல் வீட்டார் மட்டும் போய் சீட்டைக் காட்டி "அதே மாத்திரை" என்று வாங்கி வந்தால், இதையெல்லாம் மருத்துவர் எப்படி அறிவார்? மூன்று முறைக்கு ஒருமுறையாவது தம்பியை நேரில் அழைத்துப் போங்கள்.

கோவிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். குணசீலத்துக்குப் போனால் அம்மாவின் மனத்துக்கு ஆறுதல் என்றால் போய் வாருங்கள். மாத்திரையும் பையில் இருக்கட்டும். விரதம் இருக்கும் நாளிலும் மாத்திரைக்கு விரதம் இல்லை என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் மனநோய் என்றதும் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு ஓடும் பழக்கம் உண்டு. அது மிகச் சிறந்த நிறுவனம்தான். ஆனால் மாதாமாதம் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழந்து யாரால் போய்வர முடியும்? நோயை அங்கே கண்டறிந்துகொண்டாலும் தொடர் சிகிச்சையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். 2008-ல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். உங்களுக்கு எது பக்கம், எந்தக் கிழமை என்பதைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டார் பேசுகிறார்கள் என்று தம்பி சொல்லும்போது, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வாதாடாதீர்கள். "ஆமாம், பேசத்தான் செய்கிறார்கள்" என்று ஒத்தும் பாடாதீர்கள். "உனக்கு அப்படிக் கேட்கிறது என்றால் பயமாகத்தான் இருக்கும், நான் கூட இருக்கிறேன்" என்பது போதும். அந்தப் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லியும் வையுங்கள். தெரியாமல் அவர்கள் சண்டைக்கு வருவதைவிடத் தெரிந்து பொறுத்துப்போவது எல்லோருக்கும் நல்லது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் அருகே சில வாரங்களாக ஒரு பெண் கிழிந்த உடையோடு சுற்றித் திரிகிறார். யாரோ சோறு கொடுக்கிறார்கள், யாரோ கல்லெறிகிறார்கள். ஏதாவது விடுதியில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள், ஆனால் நீங்களாக எந்த விடுதிக்கும் கொண்டுபோக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மடிந்தார்கள். "எங்காவது சேர்த்துவிட்டால் போதும்" என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலத்தில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாத இல்லங்கள் மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கவும் கூடாது.

அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவு, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித் திரியும் மனநோயாளியைத் தன் பாதுகாப்பில் எடுப்பது அந்த எல்லைக்குரிய காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் அவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது உதவியை அல்ல, சட்டம் விதித்த கடமையை. எழுத்தில் மனு கொடுங்கள், பெண் காவலர் வேண்டும் என்று கேளுங்கள். உடம்பில் காயமோ மயக்கமோ இருந்தால் அதற்கெல்லாம் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நெடுஞ்சாலை ஊர்களில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு கெட்ட பழக்கம் உண்டு: தொந்தரவாக இருப்பவரை இரவு லாரியிலோ பஸ்ஸிலோ ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவது. உங்கள் ஊரில் இறங்கிய அந்தப் பெண்ணும் அப்படி எங்கிருந்தோ ஏற்றிவிடப்பட்டவராக இருக்கலாம். அவர் பேசுவது புரியவில்லை என்றால் உளறுகிறார் என்று முடிவுகட்டாமல், தெலுங்கோ கன்னடமோ இந்தியோ தெரிந்த ஒருவரைப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்த ஊரின் பெயர் கிடைத்து வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்து 20 நாட்கள் ஆகின்றன. ஓயாமல் அழுகிறாள், குழந்தையைத் தூக்கவும் மனமில்லை. "பச்ச உடம்புக்காரிக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, இலக்கியம்பட்டி

பிரசவமான முதல் சில நாட்களில் வரும் அழுகை சகஜம்தான். அது இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். 20 நாட்கள் கடந்தும் தொடர்கிறது என்றால் அதை மனச்சோர்வாகக் கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு, எனவே பால் நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். உங்கள் பகுதிக்கு வரும் சுகாதார செவிலியரிடம் இப்போதே சொல்லுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசி வரை பார்க்கலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

அவர் தூக்கமே இல்லாமல், குழப்பமாக, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசத் தொடங்கினாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தாயையும் சேயையும் தனியே விடாதீர்கள். "சாகணும்போல இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்ற ஆறுதல்தான் வரும்.

14416-க்குப் பேசினால் என் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

தெரியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையின் எண் அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்காமல் கிடக்கும் விடியற்காலையிலும் அழைக்கலாம். அறையில் மற்றவர்கள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள்.

நாங்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். எங்கள் பகுதியில் மனநல விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தலாம் என்று இருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?
– சில வாசகியர், நெசவாளர் காலனி, தருமபுரி

ஊர்வலம் நடத்துங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் என் அனுபவத்தில் ஊர்வலம் பார்த்து மருத்துவமனைக்கு வந்தவர்களைவிட, பக்கத்து வீட்டு அக்கா கூட வந்ததால் வந்தவர்களே அதிகம். முதல்முறை எப்படியோ வந்துவிடுகிறார்கள். கடன் வாங்கியாவது ஆட்டோ பிடித்தாவது வருகிறார்கள். இரண்டாவது மாதமும் மூன்றாவது மாதமும்தான் கைநழுவுகின்றன. அப்போது நோய் சற்றுத் தணிந்திருக்கும், அவசரம் போயிருக்கும், ஒரு நாள் கூலி பெரிதாகத் தெரியும். உங்களால் உதவ முடிகிற இடம் அதுதான்.

இதற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வீடு தேடிச் சென்று சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. நாள்பட்ட நோய்க்கு மாத்திரை விடுபடக்கூடாது என்ற எண்ணம் அதிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் பழகிவிட்டது. மனநோயையும் அதே வரிசையில் வைத்துப் பேசுங்கள். "சுகர் மாத்திரை மாதிரிதான் இதுவும்" என்ற ஒரு வரியை எந்த மேடைப் பேச்சையும்விட விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள். சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலரிடம், வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடப்பவர் எவர் என்றும் காதோடு சொல்லி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: குழுவின் நோட்டுப் புத்தகத்தில் யாருடைய நோயின் பெயரையும் எழுத வேண்டாம். மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதி மட்டும் போதும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்த நோட்டு என்ன செய்துவிடும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

தேறியவருக்கு வேலை கொடுப்பதையும் மருந்தோடு சேர்த்தே எண்ணுங்கள். உங்கள் காலனியில் இன்னும் தறி ஓடும் வீடு இருந்தால், தறிக்கு நூலைத் தார் சுற்றுவது போன்ற, பாதியில் நிறுத்தி எழுந்து போனாலும் கெட்டுவிடாத வேலை தொடக்கத்துக்கு ஏற்றது. நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். கூலியைக் கையில் கொடுங்கள், வீட்டாரிடம் அல்ல. நோயின் பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்றளித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஒரு பெரிய உதவிதான்.

எல்லா வீட்டையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம், ஒரு வீட்டில் தொடங்குங்கள். அந்த வீட்டு அம்மா மகனை அழைத்துக்கொண்டு ஓ.பி.க்குப் போகும் நாளில், மத்தியானம் பள்ளிவிட்டு வரும் பேத்தியை யார் பார்த்துக்கொள்வது என்பதை இந்த வாரக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.